பட்டை விலகிய சக்கரம்

லத்தி எங்கே விழுகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். முதுகுக்கு ஒரு சத்தம். தொடைக்கு ஒரு சத்தம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மைசூர் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் காத்திருந்தபோது அது உள்ளங்காலில் விழுந்துகொண்டிருந்தது.

"முப்பத்தொண்ணு," என்றான் தொட்டையன்.

"எண்ணாதே."

"நான் எண்ணலீங்க சார். காது தானா எண்ணுதுங்க."

தொட்டையன் துப்பறியும் வேலையில் என் உதவியாள். கொள்ளேகால் பக்கத்துக்காரன். பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தான். முதலாளியின் மச்சானை கிரீஸ் டப்பாவில் தலைகீழாக அமுக்கியதில் வேலை போயிற்று. என்னிடம் வந்து சேர்ந்தான்.

படியில் சாமியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அடி வாங்குகிறவனின் மனைவி. முந்தின நாள் அதே கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளியிலிருந்து வந்து என் கதவைத் தட்டியவள். அவள் அழவில்லை.

"ஏனுங்க சாமி, உசுரோட விடுவாங்களா?"

"நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வரார். அதுவரைக்கும் உசுரோட வெச்சிருப்பாங்க."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பசவராஜ் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் என்னை வாசற்படி ஏற விடுகிறார்.

"வைத்யநாதா, கேஸ் முடிஞ்சுபோச்சு. உனக்கு இங்கே என்ன வேலை?"

"ஒருதரம் சொல்லு. முடிஞ்சதா இல்லையான்னு பார்க்கறேன்."

அவர் விரல் மடக்கிச் சொன்னார். கொலை நடந்தது வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு. லக்ஷ்மிபுரம். ரோடு கான்ட்ராக்டர் கணபதிராமன் தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே செத்துக் கிடந்தார். மூன்று அடி. நெற்றி, கன்னம், தாடை. மூன்றும் முன்னாலிருந்து, மூன்றும் அவருடைய வலது பக்கம். ஆயுதம், காரைக் கிளப்பும் இரும்பு ஹாண்டில். எட்டு மணிக்குச் சமையற்காரி சென்னம்மா வந்து பார்த்தபோது டிரைவர் மாரிசாமி பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு இருந்தான். சட்டை முழுக்க ரத்தம்.

"காரணம்?"

"கார் நடுங்குது. நீ ஓட்டற லட்சணம்தான்னு போன வாரம் மார்க்கெட் முன்னாலே எஜமான் செருப்பாலே அடிச்சார். நூறு பேர் பார்த்தாங்க."

"கொன்னவன் ஏன் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான்? கொள்ளேகால் பஸ் ஏறினா மத்தியானத்துக்குள்ளே மதராஸ் ராஜதானி. நீ காகிதம் எழுதி அவனை வரவழைக்கறதுக்குள்ளே தீபாவளி வந்திருக்கும்."

"கொலைகாரனுக்கெல்லாம் உன்னைப்போல பூகோளம் தெரியுமா?"

"எதிரே நின்னு வலது கையாலே அடிச்சா காயம் இடது பக்கம் விழணும். விழுந்தது வலது பக்கம். மாரிசாமி இடது கைக்காரனா?"

"கோபத்திலே எந்தக் கை முன்னே வருதோ அந்தக் கை." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐந்து நிமிஷம் தர்றேன். பேசிக்கோ."

மாரிசாமி தரையில் கிடந்தான். பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. கைகள் இரண்டும் முழுசாக இருந்தன. அதை நான் பார்த்தேன். ஆனால் அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

"அந்த ஹாண்டில நான் தொட்டே ரெண்டு வாரம் இருக்குமுங்க," என்றான். "அது ஒதைக்குமுங்க."

"எப்போதிலிருந்து?"

"தசராவுக்குப் பொறவு. வண்டி நடுங்குதுன்னு எசமான் ஒரு மிஸ்திரியக் கூட்டியாந்தாரு. அவன் டைமிங் வெச்சுட்டுப் போனான். அன்னைலருந்து ஒதைக்குது. நான் வண்டிய வெளிய தள்ளி, எறக்கத்துல உருட்டித்தான் கெளப்புவேன்."

"எஜமானிடம் சொன்னாயா?"

"சொன்னா அதுக்கும் செருப்புதானுங்க."

"வியாழக்கிழமை எங்கே இருந்தாய்?"

"ஊருக்குப் போய்ட்டு வந்தனுங்க. பஸ்சு வழில நின்னுபோச்சு. வந்து சேர ஏழே முக்கால். எசமான் கெடந்தாரு. தூக்கிப் பாத்தேன்."

"ஹாண்டில் எங்கே இருக்கும்?"

"பின் சீட்டுக்கு அடியில. சாக்குல சுத்தி."

ஐந்து நிமிஷம் முடிந்தது.

*

லக்ஷ்மிபுரம் ஷெட்டில் கார் மூக்கை உள்ளே நீட்டி நின்றிருந்தது. அமெரிக்க வண்டி, ஆறு சிலிண்டர். தரையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மேலே யாரோ மரத்தூள் போட்டிருந்தார்கள்.

தொட்டையன் சுவரைப் பார்த்தான். கை எட்டும் உயரத்தில் சக்கரம் கழற்றும் ஸ்பானர். அதற்குப் பக்கத்தில் கடப்பாரை. கீழே சம்மட்டி.

"கொலகாரன் நெம்பப் பொறுமைசாலீங்க," என்றான். "கடப்பாரை இருக்குது, சம்மட்டி இருக்குது. அதெல்லாம் வேண்டாம்னு கதவத் தொறந்து, சீட்டத் தூக்கி, சாக்கப் பிரிச்சு, ஹாண்டில எடுத்து, ‘எசமான், இப்பக் கொஞ்சம் தலையக் காட்டுங்க'ன்னு கேட்டிருக்கான்."

"அப்படியானால் ஹாண்டிலைக் கொல்ல எடுக்கவில்லை."

"காரைக் கெளப்ப எடுத்துருக்காங்க." அவன் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை அமுக்கினான். ஒரு முனகல்கூட இல்லை. "பாட்டரி செத்துக் கெடக்குது. எசமானுக்கு முந்தியே."

மாரிசாமி அந்த ஹாண்டிலைத் தொட மாட்டான். தொட்டது வேறு ஒருவர். அந்த வேறு ஒருவரைப் பற்றி இந்த இஞ்சினுக்கு ஏதாவது தெரியுமா?

வண்டியை வெளியே தள்ளி இறக்கத்தில் உருட்டினோம். பிடித்துக்கொண்டது. தொட்டையன் நஞ்சன்கூடு சாலையில் விட்டான். இருபது மைலில் தண்ணீர் மாதிரி போயிற்று. முப்பத்தைந்தில் பல் தந்தியடித்தது. கதவு, கண்ணாடி, என் மூக்குக்கண்ணாடி எல்லாம் ஆடின. அடியில் யாரோ சுத்தியால் தட்டுவதுபோல ஒரு சத்தம். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் சட்டென்று அடங்கிவிட்டது.

"பேரிங்கா?" என்றேன்.

"பேரிங் போயிருந்தா எல்லா வேகத்துலயும் அழுவுமுங்க. சக்கரம் கோணலா இருந்தா மேல போகப்போக ஆட்டம் அதிகமாவும். இது ஒரே ஒரு வேகத்துல மட்டும் பேயாடுது. முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல." ஓரமாக நிறுத்தினான். "நின்ன எடத்துலயே கியர் இல்லாம முறுக்கிப் பாக்கறேன்."

முறுக்கினான். நின்ற இடத்திலேயே அதே நடுக்கம், அதே தட்டல்.

"சக்கரத்துல ஒண்ணுமில்ல. இஞ்சின்தான். டாம்பரா இருக்கோணும்."

அணைத்துவிட்டு டார்ச்சோடு அடியில் நுழைந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கால்களிடம்தான் நான் பேசினேன்.

"டாம்பர் என்றால்?"

"மொகப்புல சுத்தற கனத்த சக்கரமுங்க. நடுவுல குடம். வெளிய இரும்பு வளையம். ரெண்டுக்கும் நடுவுல ரப்பரு. ஆறு சிலிண்டரும் மாறிமாறி வெடிக்கையில நீளத் தண்டு முறுக்கும். அந்த முறுக்க ரப்பர் வாங்கிக்கும். ரப்பர் செத்தா வளையம் தனியாப் போயிரும்." டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. பிறகு சிரித்தான். "சார், இங்க பாருங்க. சிவபெருமானுக்கு நெத்தி ரெண்டாயிருச்சு."

நானும் படுத்து நுழைந்தேன்.

ஆயுத பூஜைக்கு எல்லா டிரைவர்களும் வண்டிக்குப் பட்டை போடுவார்கள். மாரிசாமி இஞ்சினுக்கும் போட்டிருந்தான். விபூதி எண்ணெயில் நிற்காது என்று வெள்ளைப் பெயின்டால் போட்டிருந்தான். சக்கரத்தின் முகத்தில் குடத்திலிருந்து வளையம் வரை குறுக்கே மூன்று கோடு. போட்ட அன்று நேராக இருந்திருக்க வேண்டும். இப்போது குடத்தில் இருந்த கோடுகள் ஓர் இடத்தில் நின்றன. வளையத்தில் இருந்த கோடுகள் மூன்று விரல் தள்ளி நின்றன. நடுவே ரப்பர் பிதுங்கி, வெடித்து, கறுப்பு ஊறுகாய்போல வெளியே வந்திருந்தது. பெல்ட்டின் ஒரு விளிம்பு நார் நாராகத் தேய்ந்திருந்தது.

"பூஜைக்குப் பிறகு வளையம் நழுவியிருக்கிறது."

"சுத்தற பக்கமா முன்னால நழுவிருக்குதுங்க. டைமிங் குறி எதுல வெட்டிருக்குது பாருங்க. அந்த வளையத்துலதான். மிஸ்திரி வந்தான், குறியப் பாத்தான், வெச்சான், போயிட்டான். வளையமே எடம் மாறினது அவனுக்கு எப்புடித் தெரியும்? அவன் பட்டையப் பாக்கல. வேற சாமி கும்புடறவனா இருக்கும்."

"அதனால் என்ன ஆகும்?"

"குறி சீக்கிரம் வருது. தீயும் சீக்கிரம் புடிக்குது. பிஸ்டன் மேல ஏறி வரதுக்குள்ள வெடிக்குது. ஓடற வண்டியில ஒண்ணும் தெரியாது, வேகத்துல தாண்டிரும். கையால மெல்லச் சுத்தினா பிஸ்டன் திரும்பி ஓடும். ஹாண்டிலும் திரும்பி வரும்."

இந்த வண்டியின் ஹாண்டில் போலீஸிடம் இருந்ததால், சாலையோரப் பங்களா ஒன்றின் காரிலிருந்து வேறு ஹாண்டில் இரவல் வாங்கி வந்தான். அது முன்னால் சரியாகப் பொருந்தியது. கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டான். கீழிருந்து மேலே ஒரு இழுப்பு இழுத்து உடனே கையை விட்டான்.

ஹாண்டில் எதிர்ப்பக்கமாகச் சுழன்று பம்பரில் மோதியது. பம்பர் குழிந்தது.

"எங்க கம்பெனியில புதுசா வந்தவன் கட்டை விரல மடக்கிப் புடிச்சா ஒதை குடுப்போம்," என்றான். "நாங்க குடுக்காட்டி இஞ்சின் குடுக்கும். மணிக்கட்டு முருங்கக்காய் மாதிரி ஒடியும்."

அப்போதுதான் புரிந்தது. இந்த ஹாண்டிலை வியாழக்கிழமை சுற்றிய ஆளின் வலது மணிக்கட்டு ஒடிந்திருக்கிறது. அதனால்தான் இடது கையால் அடித்திருக்கிறார்கள். மூன்று காயமும் அதனால்தான் வலது பக்கம்.

மாரிசாமியின் மணிக்கட்டு இரண்டும் முழுசாக இருக்கின்றன. அவனைக் காப்பாற்ற அவன் கையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சி இப்போது லத்திக்குக் கீழே இருக்கிறது.

"ஓட்டு," என்றேன்.

"இந்த வண்டியிலயா? வளையம் உசுரக் கையில புடிச்சுட்டு நிக்குதுங்க."

"ஓட்டு."

தப்பு என்னுடையது. பாலத்தருகே முப்பத்தைந்தைத் தாண்டும்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டது. பானெட்டின் பக்கத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வளையம் வெளியே பாய்ந்தது. சாலையைக் கடந்து ஒரு மாட்டு வண்டியின் ஆரக்கால்களை நொறுக்கியது. வண்டிக்காரன் ஓடிவிட்டான். மாடு ஒன்று முழங்காலிட்டு விழுந்தது. ரேடியேட்டரிலிருந்து கொதிநீர் கண்ணாடியில் அடித்தது.

தொட்டையன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"இருக்குதுங்க," என்றான்.

வளையத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

*

ஸ்டேஷனுக்குள் போகும்போது மணி பன்னிரண்டரை. மாரிசாமி சுவரில் சாய்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் மணிக்கட்டு இல்லை.

"விழுந்துட்டான்," என்றார் பசவராஜ்.

நான் வளையத்தை மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். அவர் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஆக, கொலைகாரனுக்கு வலது மணிக்கட்டு ஒடிஞ்சிருக்கணும்."

"ஆமாம்."

"இதோ ஒடிஞ்சிருக்கு. உன் கணக்குப்படி பார்த்தாலும் இவன்தான்."

தொட்டையன் ஒரு அடி முன்னே வைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"காலையில் முழுசாக இருந்தது. நான் பார்த்தேன்."

"மாஜிஸ்ட்ரேட் பார்க்கலையே. நாலு மணிக்கு அவர் முன்னாலே ஒப்புக்கிட்டுப் பெருவிரல் வைப்பான். அதுக்குள்ளே இன்னொரு ஒடிஞ்ச கையைக் கொண்டு வா. பேசலாம்."

வெளியே சாமியாத்தாள் எழுந்து நின்றாள்.

"கை போச்சுங்களா?"

"போச்சு."

"கை போனாப் பரவால்லீங்க. கழுத்து வேணும்," என்றாள்.

*

"மைசூர்ல எலும்பு ஒடிஞ்சா எங்க போவாங்க?" என்றான் தொட்டையன். "ஆஸ்பத்திரிக்குப் போனாப் பேர் எழுதுவாங்க. பேர் எழுதாத எடம் ஒண்ணுதான்."

கரடி மனை. குஸ்திக்காரர்களின் பயிற்சிக்கூடம். மைசூரில் தெருவுக்கு ஒன்று உண்டு. குஸ்தியில் எலும்பை உடைப்பதும் வாத்தியாரான உஸ்தாத். கட்டுவதும் அவரே. லக்ஷ்மிபுரத்துக்கு அருகிலிருந்தது உஸ்தாத் கெம்பையனுடையது.

உள்ளே செம்மண் குழியில் ஒரே ஒரு ஆள் கர்லாக் கட்டை சுற்றிக்கொண்டிருந்தார். மர கான்ட்ராக்டர் லிங்கப்பன். பாலம் டெண்டர் விஷயமாக, கணபதிராமன் மண்டையைப் பிளப்பேன் என்று கிளப்பில் சொன்னவர். அவர் வலது முன்கையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

தொட்டையன் என்னைப் பார்த்தான். நான் தலையசைப்பதற்குள் குழியில் குதித்துவிட்டான்.

"ஏனுங் கான்ட்ராக்டரே, கணபதிராமன் போய்ட்டாராமா. பாலம் இனி உங்களுக்குத்தானாமா. கைல கட்டு எதுக்குங்க? அடிக்கறப்போ சுளுக்கிக்கிச்சா?"

லிங்கப்பன் கர்லாக் கட்டையைக் கீழே போட்டார். வலது கை முஷ்டி தொட்டையன் தாடையில் இறங்கியது. பிறகு இரண்டு கையாலும் அவனைத் தலைக்குமேல் தூக்கிச் சுவரில் எறிந்தார். ஆணியில் தொங்கிய கதாயுதம் கழன்று அவன் காலருகே விழுந்தது.

தொட்டையன் ரத்தத்தைத் துப்பினான். ஒரு பல்லும் கூட வந்தது. அதைப் பொறுக்கிப் பார்த்தான்.

"ரெண்டு கையும் கல்லு மாதிரி இருக்குதுங்க சார். இவரு இல்ல. சர்ட்டிபிகேட் வாங்கியாச்சு."

உள்ளிருந்து உஸ்தாத் கெம்பையன் வந்தார். அறுபது வயது. காது இரண்டும் நசுங்கிய வடை.

"ஏனு கலாட்டே? அவர் கட்டு தேள் கொட்டினதுக்கப்பா. நானே மஞ்சள் வெச்சேன்." லிங்கப்பனை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். "என்ன பேகு, என்ன வேணும்?"

"வியாழக்கிழமை யாராவது ஒடிந்த மணிக்கட்டோடு வந்தார்களா?"

"யாரும் வரல்லே."

"யோசித்துச் சொல்லுங்கள். ஒருவன் தூக்குக்குப் போகிறான்."

அவர் முகவாயைச் சொறிந்தார். "கை வரல்லே. ஆனா, கட்டு மட்டும் வாங்கிட்டுப் போனாங்க. வியாழக்கிழமை காலையிலே மூங்கில் பட்டை ஆறேழு, கோழி முட்டை, உளுந்து மாவு, எல்லாம் எப்படிக் கட்டணும்னு கேட்டு வாங்கிட்டு ஒரு அம்மா போனாள். ‘ஆளைக் கூட்டிட்டு வா தாயி'ன்னேன். ‘அவங்க வெளியே வரமாட்டாங்க'ன்னாள்."

"பட்டை என்ன அளவு?"

அவர் தன் மணிக்கட்டைக் காட்டவில்லை. குனிந்து தரையில் ஒரு சிறு கழியை எடுத்து இரு விரலால் வளைத்துக் காட்டினார்.

"இத்தனை. குழந்தைக் கை, இல்லாட்டி பொம்பளைக் கை."

"வந்தவள் யார்?"

"லக்ஷ்மிபுரம் சமையல் பண்றவள். சென்னம்மா."

தொட்டையன் தன் பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முதல்முறையாக அவனிடம் வேடிக்கை இல்லை.

*

சென்னம்மா வாசலை மறித்து நின்றாள்.

"அம்மாவுக்கு உஷார் இல்லே, உடம்பு சரியில்லே ஸ்வாமி. யாரையும் பார்க்க மாட்டாங்க."

"கையில் என்ன?"

"வளையல் உடைச்சப்போ கீறிச்சு. இன்ஸ்பெக்டரே பார்த்தார்."

இன்ஸ்பெக்டர் பார்த்திருப்பார். அவர் ஊர்ப்பக்கம் பிணத்தை எடுக்கும்போதே வளையலை உடைத்துவிடுவார்கள். வெறும் கையும் அதில் ஒரு துணிச் சுற்றும் அவருக்கு எதையும் சொல்லியிருக்காது.

இதைப்போன்ற எங்கள் பிராமண வீடுகளில் பத்தாம் நாள்தான் அது. அதுவரை ஒரு வளையலையும் கழற்ற மாட்டார்கள். பத்து நாளில் எந்த நாள் எது நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். போன வருஷம் நானே என் மனைவிக்காக உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்.

"இன்று மூன்றாம் நாள், சென்னம்மா," என்றேன்.

அவள் வழியை விட்டாள்.

கணபதிராமனின் மனைவி கனகலக்ஷ்மி உள்ளறை மூலையில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். இடது கையில் எட்டு கண்ணாடி வளையல். வலது கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது. கழுத்தில் பழைய காயம், மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

"வலது கை வளையல் எப்போ உடைஞ்சுது?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். களைப்பு ஜெயித்தது.

"ஹாண்டில் திரும்பினப்போ."

"சொல்லுங்கோ."

"நஞ்சன்கூட்டுக்குப் போகணும்னார். டிரைவர் வரலை. பாட்டரி இல்லை. என்னைக் கூப்பிட்டு, நீ சுத்துன்னார். அவர் உள்ளே உக்காந்துண்டார். எனக்கு அதெல்லாம் தெரியாது. எட்டிப் பிடிச்சுண்டு சுத்தினேன். கையிலே இடி விழுந்த மாதிரி இருந்தது. வளையல் எல்லாம் தெறிச்சு சதையிலே குத்தித்து. நான் கத்தினேன். அவர் இறங்கி வந்தார்." அவள் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "தூக்கறதுக்குத்தான் வரார்னு நினைச்சேன்."

"அடித்தாரா?"

"ஒரு வேலைக்கும் லாயக்கில்லைன்னு உதைச்சார். ஒடிஞ்ச கைமேலே மிதிச்சார். ஹாண்டில் கழண்டு பக்கத்திலே கிடந்தது. இடது கை சும்மா இருந்தது."

தொட்டையன் வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு தரம்," என்றாள். "மூணும் எனக்குத் தெரிஞ்சுதான்."

"மாரிசாமி பிடிபட்டது தெரியுமோ?"

"விசாரிச்சிண்டிருக்கா, விட்டுடுவான்னு சென்னம்மா சொன்னா." அவள் குரல் தாழ்ந்தது. "நானே போய்ச் சொல்லியிருப்பேன். பத்து நாள் ஆகட்டும்னு இருந்தேன். இந்தப் பத்து நாளும் யாரும் என்னைத் தொட மாட்டா. அடிக்க மாட்டா. அஞ்சு வருஷத்திலே அப்படிப் பத்து நாள் இருந்ததில்லை. அது எனக்கு வேணும்போல இருந்தது."

நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பத்து நாளுக்கான அடியை அவன் வாங்கிண்டிருக்கான். காலிலே எழுந்து நிக்க முடியாது. மத்தியானம் வலது மணிக்கட்டை ஒடிச்சுட்டா. நாலு மணிக்குப் பெருவிரல் வைக்கப்போறான். அப்புறம் தூக்கு."

அவள் தன் வலது கையைத் தலைப்புக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தாள். மூங்கில் பட்டைக்கு மேலே விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

"அதே கையா?"

"அதே கை."

"மணி என்ன?"

"மூணரை."

அவள் எழுந்தாள்.

*

தீட்டுக்காரி, மூன்றாம் நாள், பட்டப்பகலில் தெருவில் நடந்தாள். ஆட்கள் இரு பக்கமும் ஒதுங்கினார்கள். ஒரு ஜட்கா நின்றுவிட்டது. தொட்டையன் முன்னால் நடந்து வழி விலக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் கான்ஸ்டபிள் தடுக்கக் கையை நீட்டினான், பிறகு தீட்டு நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டான்.

மாஜிஸ்ட்ரேட் மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்த காகிதம் அவர் முன்னால் இருந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் மாரிசாமியைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அவன் இடது பெருவிரல் ஏற்கெனவே மையில் கறுத்திருந்தது.

"நிறுத்துங்கோ," என்றாள் கனகலக்ஷ்மி. "அவன் பண்ணலை. நான்தான் பண்ணினேன்."

பசவராஜ் பாதி எழுந்தார். "அம்மா, நீங்கள் துக்கத்திலே ஏதோ..."

அவள் வலது கையை மேஜைமேல் வைத்தாள். இடது கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தாள். மூங்கில் பட்டைகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தின்மேல் விழுந்தன. மணிக்கட்டில் கண்ணாடிச் சில்லுகள் இன்னும் இருந்தன, பச்சை நிறத்தில். இடது கையை உயர்த்தினாள். அதே பச்சை வளையல்கள் முழங்கைவரை வழுக்கிச் சத்தம் போட்டன.

"வளையல் உடைக்கறது எங்களுக்குப் பத்தாம் நாள்," என்றாள். "இது காரிலே உடைஞ்சுது. சில்லு அந்த ஷெட்டிலே கிடக்கும். மரத்தூளைத் தள்ளிப் பாருங்கோ."

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மாரிசாமியின் கையைப் பார்த்தார். பிறகு பசவராஜைப் பார்த்தார். அந்தப் பார்வை வெகுநேரம் நீடித்தது. எழுதிய காகிதத்தை இரண்டாக மடித்து ஓரமாக வைத்தார். குமாஸ்தாவிடம் புதுக் காகிதம் கேட்டார்.

"எல்லாவற்றையும் சொல்லுங்கள்," என்றேன் அவளிடம் மெதுவாக. "அவர் மிதித்ததையும். அது சேர்ந்தால் தூக்கு வராது."

"நிச்சயமா?"

"வராது என்று நினைக்கிறேன்."

கான்ஸ்டபிள்கள் கையை விட்டதும் மாரிசாமி தரையில் சரிந்தான். சாமியாத்தாள் எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவனைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவன் பெருவிரல் மையைத் தன் புடவையில் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள்.

அவன் கனகலக்ஷ்மியைப் பார்த்தான். உதடு பிளந்திருந்ததால் பேச்சு தெளிவாக வரவில்லை.

"அது ஒதைக்கும்னு நான் வீட்டுல சொல்லியிருக்கோணுமுங்க, அம்மா."

அவள் குமாஸ்தா பேனாவை மையில் தொட்டு எடுப்பதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"சொல்லியிருந்தாலும் என்னைத்தான் சுத்தச் சொல்லியிருப்பார்."